பெயர் சொல்லாத பேதுரு

ஜெனிற்றா அக்காவைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கம் தரும் இடத்தையும் விடமாட்டேன். அவரோடு நாடகம் பழகிய நீங்கள்தான் இதை முதலில் அறிய வேண்டியவர்கள்.

செய்தி வந்தபோது நான் ஒத்திகையில் பாடிக்கொண்டிருந்தேன். தொலைபேசியோடு வெளியே போன நாடக ஆசிரியை திரும்பி வந்து, "பிள்ளையள், நிப்பாட்டுங்கோ. ஜெனிற்றா மோசம் போயிட்டா," என்றார். மத்தளம் நின்றுவிட்டது. என் வாய் மட்டும் மீதி அடியைப் பாடி முடித்தது. டெங்குக் காய்ச்சல், நான்கே நாளில் உயிர் போய்விட்டது. அவருக்குப் பத்தொன்பது வயது. அன்று காலைதான் அவர் வந்தால் உட்கார என்று ஒரு கதிரையைத் துடைத்து வைத்திருந்தேன்.

அவர் எழுதிய பாநாடகத்தில் நான் பேதுரு. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், நெருப்புக் காய்ந்து நின்ற பேதுருவிடம், நீயும் அவருடைய ஆள்தானே என்று மூன்று முறை கேட்கிறார்கள். மூன்று முறையும், அவரைத் தெரியாது என்கிறான். சேவல் கூவுகிறது. எங்கள் பக்கத்துக் கூத்துகளில் மேடைக்கு வருபவர் தன் பெயரைத் தானே பாடிக்கொண்டு வருவார். அக்காவின் பேதுரு பாடமாட்டான். ஓரமாக வந்து நின்று சொல்வான்:

யாரென்று கேளாதீர்.
கேட்டால்
இன்னொரு பொய் சொல்வேன்.

புளியங்கூடலில் எங்கள் வீட்டில் யாரும் வேதாகமம் படித்ததில்லை. "பேரைச் சொல்லாட்டி எங்கட அம்மாவுக்கு ஒண்டும் விளங்காது, அக்கா," என்றேன்.

"உமக்கு அம்மாவைப் பற்றின கவலையோ, பாட்டுப் பாடிக் கைதட்டு வாங்கேலாத கவலையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். அதைக் கண்டவர் பக்கத்தில் வந்தார். "அவரைத் தெரியாது எண்டு சொன்ன உடன அவனுக்குத் தன்னையும் தெரியாமல் போகுது. பிறகு எந்தப் பேரைப் பாடுறது? சொல்லும் பாப்பம்."

சேவலாக நடித்தவளுக்கும் அவரிடம் பேச்சு விழுந்தது. "சேவல் திட்டக் கூவேல்லை. எழுப்பத்தான் கூவுது," என்று சொல்லி, மேசையில் ஏறித் தானே கூவிக் காட்டினார். அயல் வளவிலிருந்து உண்மைச் சேவல் ஒன்று பதில் கூவியது. "பாத்தீங்களோ, அது நம்பீற்றுது," என்றார்.

இனி வெட்கத்துக்குரியது. அக்கா காய்ச்சலில் கிடந்த நாட்களில் நானாக ஒரு வரவுப்பாட்டு எழுதினேன். 'பேதுரு வந்தேனே' என்று தொடங்கும். ஆசிரியை கேட்டபோது, "அக்கா ஓம் எண்டவ," என்றேன். அவர் ஓம் என்று சம்மதிக்கவில்லை. நான் கேட்கவே இல்லை. செய்தி வந்தபோது என் வாயில் இருந்தது அந்தப் பாட்டுத்தான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் ஆசிரியை எங்களைக் கூட்டினார். "அவ கடைசியா ஓம் எண்ட பாட்டு. ஒரு சொல்லும் மாத்தாமல் பாடுவம்," என்று என் தலையைத் தடவினார். என் பொய் அக்காவின் கடைசி விருப்பமாகிவிட்டது. வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன வெள்ளி மாலை நாடகம் மேடையேறியது. என் வரவுக்கு மத்தளம் தொடங்கியது. நான் பாடவில்லை. அடித்தவர் என்னைப் பார்த்துப் பார்த்து, இரண்டாம் சுற்றும் அடித்துவிட்டு நிறுத்தினார். ஓரமாக நின்று அந்த மூன்று அடிகளையும் சொன்னேன். நான் பாட்டை மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்கள். மறக்கவில்லை.

சனம் கலைந்த பிறகும் அம்மா மண்டபத்திலேயே இருந்தார்.

"பேர் சொல்லேல்லை. விளங்கினதோ அம்மா?"

"ஓம்." வெறும் மேடையைப் பார்த்தபடி சொன்னார்: "சண்டைக் காலத்தில ஒருக்கா சென்றியில காவல் நிண்டவங்கள் மறிச்சு, பக்கத்து வீட்டு அண்ணையைக் காட்டி, இவரைத் தெரியுமோ எண்டு கேட்டவங்கள். தெரியாது எண்டனான்."

அந்த அண்ணைக்கு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அம்மாவுக்கு விளங்கியதை அக்காவிடம் சொல்ல, திரைச்சீலைப் பக்கம் ஓடப் பார்த்தேன். இரண்டடி வைத்த பிறகே நினைவு வந்தது.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அவர் கையெழுத்தில் அந்த மூன்று அடிகளையும், யாரும் கேட்காமலே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற இந்த அவசரத்தையும்தான். அன்று நான் திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் அமர்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்டபத்தில் யாரும் இல்லை என்று நினைத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.