எதிர்ப்பக்கச் சுருள்

பூங்கோதைக்கு வயது முப்பது. வங்காளத் தலைநகரின் லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு மாடிவீட்டை, சிலிகுரிக்காரி தீப்தியோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பரோட்டா.

சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அவள் அப்பா அங்கே பரோட்டா மாஸ்டர். சொந்தக் கடை கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் கடைக் கல்லில் வெந்தவர். மகளுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். கடைக்குள் கால் வைக்கக் கூடாது, மாவைத் தொடக் கூடாது. "இந்தப் பொழப்பு என்னோட போகட்டும், நீ பேனாவப் பிடி" என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடைக்கு நேர் எதிரே, வசந்தி அத்தையின் தையல்கடைப் படியில் உட்கார்ந்து அவள் படிக்க வேண்டும். கல்லில் நின்றபடியே அவர் கண் வைத்துக்கொள்வார்.

அவளும் படித்தாள், வேலைக்கு வந்தாள். வந்த இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் லேக் மார்க்கெட்டில் ஒரு கிலோ மைதா வாங்கினாள். ஊர் ஞாபகம் வந்து உருகியதாக யாரும் நினைக்க வேண்டாம். செய்யாதே என்று சொன்னதைச் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் வந்தது பரோட்டா இல்லை, வறட்டி. தீப்தி நல்லவள், ஜாம் தொட்டுத் தின்றாள். இந்த ஊர் மழைக்காலத்தில் மாவு கையைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. தண்ணீரைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டி, ஈரத்துணி போட்டு இரண்டு மணி நேரம் ஊறவிட்டால்தான் வழிக்கு வரும் என்பது பட்டுத்தான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையின் பளிங்குப் பலகைமேல் அவள் மாவை அடித்து வீசுகிற சத்தம் கேட்டு, கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா, மாசிமா, ஏறிவந்து, வீட்டுக்குள் ஏன் துணி துவைக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு பரோட்டா கொடுத்தனுப்பினாள். அதன்பிறகு சத்தம் கேட்காத ஞாயிறுகளில்தான் மாசிமா ஏறிவந்தார்.

தீப்தி ஒருநாள் இந்தியில் கேட்டாள்: "எழுதுறது வலது கையில. இத மட்டும் ஏன் இடது கையில வீசுற?"

பூங்கோதைக்கே அது புதுச் செய்தி. வலது கையில் வீசிப் பார்த்தாள், மாவு கிழிந்தது. "எனக்கு இப்படித்தான் வருது" என்று விட்டுவிட்டாள்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் கூப்பிட்டால் ஃபோனைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். இதுக்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அவளால் தாங்க முடியாது. ஆனாலும் தன் கையால் போட்டதை அவர் ஒருநாள் தின்ன வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

போன ஆவணியில், தோள்வலி முற்றி வேலையை விட்டபின், அப்பா பத்து நாள் தங்க வந்தார். ஞாயிறு காலை அவர் டீ குடிக்கக் கீழே இறங்கினார். திரும்ப அரைமணியாவது ஆகும், அதற்குள் முடித்துத் தட்டில் வைத்துவிடலாம், பிறகு நடப்பது நடக்கட்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். டீக்கடை பூட்டிக் கிடந்தது. படியேறும்போதே அவருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. அந்தச் சத்தம் அவருக்கா தெரியாது!

அவர் வாசலில் நின்றபோது மாவு அந்தரத்தில் இருந்தது. நிறுத்தினால் கிழியும். அவள் நிறுத்தவில்லை.

அப்பா உள்ளே வந்து, தாம்பாளத்தில் சுற்றி வைத்திருந்த சுருள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்லப்பா."

"சுருள் எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்கு. வீச்சும் இடது கை." அவர் மகளையும் மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு. எனக்கு நேர் எதிர்ல இருந்து பாத்தா இப்படித்தான் படியும். வசந்தி கடைப் படி."

பூங்கோதைக்கு அப்போதுதான் தன் கை புரிந்தது.

"குனிஞ்சேதான இருப்ப, தாயி. கணக்குப் போடுறன்னுல்ல நெனச்சேன்."

"நீங்க நிமிரும்போது குனிஞ்சுக்குவேன்."

"எத்தன வருசமா?"

"அஞ்சாப்புல இருந்து."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் கல்லிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் தட்டி, அடுக்கு விரிந்ததும் தட்டில் வைத்தாள். சால்னா ஊற்றப் போனவளைக் கையமர்த்தி, வெறும் பரோட்டாவில் ஒரு துண்டு பிய்த்து மென்றார்.

"உப்பு கொஞ்சம் பத்தல" என்றார். பிறகு முழுவதையும் தின்றார். எழுந்து கை கழுவிவிட்டு மேசைப் பக்கம் வந்தார்.

மாஸ்டரே வந்துவிட்டார், இனி நமக்கென்ன வேலை என்று அவள் ஒதுங்கி நின்றாள். உள்ளுக்குள் வருத்தமாகத்தான் இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்து, மேசைக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"போடு தாயி. நான் பாக்குறேன்."

அவள் அடுத்த உருண்டையை எடுத்து, இடது கையால் வீசினாள். அவர் குனியவில்லை.