நான் வீட்டில் இருக்கிறேன்

பக்கவாதம் வந்து என் வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே காலையில் பறித்துக்கொண்டபோது, எனக்கு மிஞ்சியது இடது கையும் ஒரு பட்டன் போனும்தான். போர்வெல்லில் மோட்டார் இறக்கி ஏற்றும் மெக்கானிக் நான். சேற்றில் விழுந்தாலும் தண்ணீரில் விழுந்தாலும் சாகாத, ரப்பர் உறை போட்ட தடித்த போன் அது.

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து திருத்தணிக்குக் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். காது கேட்டது, நினைவு தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தால் மட்டும் "தா... தா..." என்ற ஒரே சத்தம். அதைவிடக் கொடுமை என் தலை. ஆமாம் என்று நினைத்து ஆட்டினால் அது இல்லை என்று ஆடியது. "சாப்புடுறீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். நல்ல பசியில் வேண்டாம் என்று தலையாட்டுவேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கொஞ்ச நாளில் என்னிடம் எதையும் கேட்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"இவருக்குப் புரியுதா?" என்று பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள்.

"எங்கங்க... கொழந்த மாதிரி ஆயிட்டாரு" என்பாள்.

நான் உள்ளே கத்திக்கொண்டே கிடப்பேன்.

போனில் எழுதிக் காட்டலாம் என்று பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்தவைதான். ஆனால் எதற்குப் பின் எது வரும் என்பது பிடிபடவில்லை. 'தண்ணி' என்ற சொல்லுக்கு ஒரு மதியம் முழுக்கப் போராடித் தோற்றேன். யாராவது எழுதி வைத்த வரியைப் பார்த்தால் மட்டும் மெல்லப் பொருள் தெரிந்தது.

அதனால் கட்டைவிரலால் மெனுவுக்குள் சுற்றத் தொடங்கினேன். வாங்கிய நாளிலிருந்து பச்சை பட்டன், சிவப்பு பட்டன், டார்ச் தவிர வேறெதையும் தொட்டதில்லை. செய்திகளுக்குள் 'வார்ப்புருக்கள்' என்று புரியாத பெயரில் ஒன்று இருந்தது. திறந்தால், போன் செய்தவர்களே எழுதி வைத்த வாக்கியங்கள். 'உடனே அழைக்கவும்.' 'தாமதமாக வருவேன்.' 'நான் வீட்டில் இருக்கிறேன்.' 'கூட்டம் ரத்து செய்யப்பட்டது.'

முதலில் தண்ணீர் கேட்க நினைத்தேன். தொண்டை வறண்டிருந்தது. அவள் வந்ததும் 'உடனே அழைக்கவும்' என்பதைக் காட்டினேன்.

"யாரக் கூப்டணும்? டாக்டரையா? இன்னா பண்ணுது?" என்று பதறிப்போனாள்.

தாகத்துக்கு அதில் வரி இல்லை. ஒரே பக்கமாய்க் கிடந்து இடுப்பு எரிவதற்கும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ எழுதியவை அவை. தேடித் தேடி அழுத்தியதில், பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்குத் தவறி அழைப்பு போனது. அவர்கள் திரும்பக் கூப்பிட்டு விசாரித்ததும் அவள் போனைப் பிடுங்கினாள்.

"சும்மா இதையே நோண்டிகினு!" என்று எட்டாத அலமாரியில் வைத்தாள்.

நகரியில் தறி வைத்திருக்கும், என்னைப் பாவா என்று கூப்பிடும் அவளுடைய தம்பி ஒரு நாள் காலை வண்டியோடு வந்தான். ஆந்திராப் பக்கம் ஒரு ஊரில் எண்ணெய் வைத்தியமாம். என்னை அங்கேயே தங்க வைத்துக்கொள்வார்களாம்.

"அக்கா, நீ பாதியா எளச்சிட்ட. பாவாவ அவங்க பாத்துப்பாங்க."

"எத்தன மாசம்டா ஆவும்?"

"அத இப்பவே எப்டி சொல்றது?"

அவள் மறுக்கவில்லை. என்னைத் தூக்கித் தூக்கி அவள் முதுகு பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியும். அவள்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இங்கே நான் சத்தம் போட்டால் அவளாவது திரும்பிப் பார்ப்பாள். அங்கே யார் பார்ப்பார்கள்?

எனக்குப் புதுச் சட்டை மாட்டி, வழிக்கு இருக்கட்டும் என்று போனைச் சட்டைப் பையில் வைத்தாள். அவள் துணி மடிக்கப் போனதும் அதை உருவினேன். போனின் பூட்டைத் திறக்கவே விரல் இரண்டு தரம் வழுக்கியது. செய்திகளுக்குப் பதில் காலண்டருக்குள் போய், வெளியே வந்து, மறுபடி தேடினேன். மச்சான் என் அக்குளில் கை கொடுக்கும்போது வரி கிடைத்துவிட்டது. அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"'நான் வீட்டில் இருக்கிறேன்'" என்று படித்துவிட்டுச் சிரித்தான். "ஆங் பாவா, வீட்லதான் இருக்கீங்க. எழுந்திரிங்க."

மறுபடி நீட்டினேன். திரை அணைந்தது. அழுத்தி எரியவிட்டு நீட்டினேன். பைக்குள் துணி வைத்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிட்டே வந்து படித்தாள். திரை மறுபடி அணைய, மறுபடி எரியவிட்டேன். அதே வரி.

"போமாட்டேன்றீங்களா?"

என் பாழாய்ப்போன தலை இல்லை என்று ஆடியது. அவள் தலையைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய அனுப்பிடுடா" என்றாள்.

"அக்கா, உனக்குத்தான் கஷ்டம்."

"ஆங், தெரியும். அனுப்பு."

அவன் போனபிறகு அவள் உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன. சாயங்காலம் கட்டில் ஓரம் உட்கார்ந்து போனை வாங்கினாள். 'கூட்டம் ரத்து' வரியை அழித்தாள். 'தண்ணி', 'வலிக்குது', 'திருப்பிப் படுக்க வை', 'ஃபேன் போடு' என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"இன்னும் இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

அதைச் சொல்ல எனக்கு வழி இருந்தால் போனே எதற்கு? அவளுக்குத் தோன்றியது உள்ளே ஏறியது. தோன்றாதது என்னோடேயே கிடந்தது. முகச் சவரம் வேண்டும், பஸ் போகும் ரோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் மாதக்கணக்கில் வரியே இல்லை. அதே சில வரிகளுக்குள் காலையிலிருந்து மாலை வரை சுற்றினேன்.

ஒருநாள் என்னைப் புரட்டும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்று அவசரமாகத் தேடினேன். அவள் அழிக்காமல் விட்ட பழைய வரிகளில் ஒன்றுதான் நான் நினைத்ததற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. காட்டினேன். 'மன்னிக்கவும், இதில் உதவ இயலாது.'

படித்தாள். என் கையில் ஒரு அடி அடித்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாகக் கட்டில் சட்டத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

பேச்சு மெல்லத் திரும்பியது, துண்டு துண்டாக. கோலூன்றி வாசல் வரை போகிறேன். இப்போதும் சில சொற்கள் வர மறுக்கின்றன. நான் பேசாமல் இருந்த காலம்தான் நிம்மதி என்று கோபத்தில் சொல்வாள். அதற்கு நான் திருப்பிக் கொடுக்கிறேன். சில சமயம் பாதியில் சொல் நின்றுவிடும். அவள் வேலையை விட்டுவிட்டு, அது வரும்வரை நிற்கிறாள்.