இருக்கைக்கடியில் தேயிலை

சிறு விமானம் ஓட்டுபவர்களின் வார இறுதிச் சந்திப்பொன்று தமிழ்நாட்டில் நடந்தது. விமானியான என் அண்ணன், கண்டியில் துணிக்கடை நடத்தும் என்னையும் தன் விமானத்தில் கூட்டிச் சென்றார்.

நடுக்கடலில் என்ஜின் திக்கித் திணறியது. பதறிப்போய் லைஃப் ஜாக்கெட்டைத் தேடி இருக்கைக்கடியில் கைவிட்டேன். தேயிலைப் பொட்டலங்கள்தான் அகப்பட்டன.

“ஜாக்கெட் எங்கண்ணே?”

“கூட்டாளிமாருக்குத் தேயிலை கொண்டுபோக எடம் பத்தல. அதையெல்லாம் வீட்டுல வச்சிட்டேன்.”

எனக்கு நீச்சலே தெரியாது! நல்லவேளை, அவர் ஏதோ பிடியை இழுக்க, என்ஜின் சீரானது.

இறங்கியதும் நண்பர்களிடம் இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தேயிலைக்கு இருக்கிற மதிப்பு என் உயிருக்கு இல்லியாண்ணே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

பயணிகள் விமானத்தில்தான் திரும்பினேன். இப்போதெல்லாம் கண்டி வாவியில் படகேறினாலும், ஜாக்கெட்டை மாட்டிய பிறகே காலை வைக்கிறேன். யார் கோபித்தாலும் சரி.