சகாயராணி அழவில்லை

சகாயராணிக்கு நாலு பேர் எதிரில் அழுகை வராது. கரையாம்புத்தூரில் அவள் அப்பா செத்துக் கிடந்தபோதும், வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டார்கள்.

பாகூர் பக்கம் சேவியருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, வில்லியனூருக்கு அருகே ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். சேவியருக்குக் கட்டடங்களில் சென்ட்ரிங் அடிக்கும் வேலை. ஒரே மகள் ரோஸ்லின், இரண்டாம் வகுப்பு படித்தாள்.

அக்டோபரில் மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. சேவியர் கடலூருக்கு வேலைக்குப் போயிருந்தான். சகாயராணி வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ரோஸ்லினைக் காணவில்லை. அவளும் பக்கத்து வீட்டு வெண்ணிலாவும் தெருத்தெருவாகத் தேடினார்கள். பொழுது சாய்வதற்குள் போலீஸ் வந்தது. பின்னாலேயே பேஸ்புக்கில் செய்தி போடும் ஒரு பக்கத்திலிருந்து மைக்கோடு ரெண்டு பேர் வந்தார்கள்.

"இப்ப உங்க மனசுல என்ன ஓடுதும்மா?" என்று மைக் பிடித்தவன் கேட்டான்.

படம் போனால் யாராவது பார்த்துத் தகவல் சொல்வார்கள் என்றுதான் சகாயராணிக்குத் தோன்றியது. நைட்டி மேல் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"பச்சை கவுனு போட்டிருக்கா. கால்ல செருப்பு இல்ல. முன்பல்லு விழுந்திருக்கும். பார்த்தவங்க பாகூர் ஸ்டேஷனுக்கு போன் பண்ணுங்க."

மறுநாள் காலையில், செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் குழந்தை கிடைத்தாள். வாத்துக் கூட்டத்துக்குப் பின்னால் அவள் அந்தப் பக்கம் ஓடியதைச் சூளையில் வேலை செய்த ஒருவர் பார்த்திருந்தார். தண்ணீரில் மூழ்கித்தான் சாவு, உடம்பில் வேறு காயம் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அந்த வீடியோ எங்கெங்கோ போயிருந்தது. மேலே போட்டிருந்த தலைப்பு: 'ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத தாய்.'

வெண்ணிலாதான் முதலில் காட்டினாள். காட்டியிருக்க வேண்டாம் என்று பிறகு வருத்தப்பட்டாள். சகாயராணி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'பெத்தவ முகமா இது? ரேஷன் கார்டு தொலைஞ்ச மாதிரி பேசுறா.'

'துண்டை இழுத்து விடுற நிதானத்தைப் பாருங்க மக்களே.'

'எனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கு. நானா இருந்தா அந்த இடத்துலயே செத்திருப்பேன்.'

'அவ போனை வாங்கிப் பாருங்க. எல்லாம் வெளிய வரும்.'

ரோஸ்லின் படத்துக்கு மெழுகுவத்தியும் உடைந்த இதயமும் போட்டவர்களே, அதற்குக் கீழே இவளுக்குத் தூக்குக் கேட்டார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் குழந்தைக்காகக் கவிதை எழுதியிருந்தார். அதன் கடைசி வரி தாயைச் சபித்திருந்தது.

போலீஸ் மறுபடி கூப்பிட்டு விசாரித்தது. "எங்களுக்கு சந்தேகம் ஒண்ணும் இல்லம்மா. ஊரே கேக்குது, அதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் ஸ்டேஷன் படியிறங்குவதை யாரோ எடுத்துப் போட்டார்கள். அது வேறொரு கதையாகப் பரவியது. பைக்கில் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து தெருமுனையில் நின்று வீட்டைப் பார்த்தார்கள். ஒரு பெண் விழுப்புரத்திலிருந்து வந்து, பள்ளத்தருகே நின்று, போனில் தன்னையே படமெடுத்தபடி தேம்பித் தேம்பி அழுதுவிட்டுப் போனாள். கம்பெனி வேனில் சகாயராணிக்குப் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

ஆரம்பத்தில் சேவியர் சண்டை போட்டான். காய்ப்பு விழுந்த கட்டைவிரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, 'அவ என் பொண்டாட்டி. அவள பத்தி எனக்கு தெரியும்' என்று பதில் போட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. 'பாவம் அண்ணா நீங்க. உங்களுக்கு எதுவும் தெரியல' என்று எழுதினார்கள். 'தைரியமா இருங்க அண்ணா' என்றார்கள். நூற்றுக்கணக்கில் வந்தன. அவன் வேலைக்குப் போகாமல் அவற்றையே படித்தான். பிறகு பதில் போடுவதை நிறுத்திக்கொண்டான்.

ஒருநாள் தட்டில் கைவைத்தபடி கேட்டான். "அன்னிக்கு எவ்ளோ நேரம் துணி தொவச்ச?"

"எப்பவும் போலத்தாங்க."

"புள்ள சத்தம் கேக்கலன்னு உனக்குத் தோணவே இல்லியா?"

"டிவி ஓடிச்சு. உள்ள போயிட்டான்னு நெனச்சேன்."

சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே வெண்ணிலா வேலிப் பக்கம் கூப்பிட்டுப் போனை நீட்டினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காத. இது அண்ணன் பேருதானே?"

'இவளை விடாதீங்க' என்று யாரோ எழுதியதற்கு லைக் போட்டவர்களில் சேவியர் பேரும் இருந்தது. குழந்தையைத் தோளில் தூக்கிவைத்திருக்கும் அவனுடைய படத்தோடு.

சகாயராணி உள்ளே போய்க் கேட்டாள்.

"கை தவறிப் பட்டிருக்கும்" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ அழுதிருக்கலாம் இல்ல."

"எனக்கு வரலங்க."

"எனக்கு வந்துச்சே."

கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் போனார்கள். சின்ன மண்மேட்டில் மழை ஒரு பக்கத்தைக் கரைத்திருந்தது. சகாயராணி குனிந்து மண்ணை அணைத்துப் போட்டாள். ஈர மண் கையில் ஒட்டியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தாள். சுற்றுச்சுவர் ஓரமாக நாலைந்து போன்கள் அவளை நோக்கி உயர்ந்திருந்தன. வந்தது அப்படியே நின்றுபோனது. பக்கத்தில் சேவியர் வாய்விட்டுக் கதறினான். போன்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

சாயங்காலம் அது 'தந்தையின் கண்ணீர்' என்று வந்தது. சேவியர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தான். "அந்த மைக் பசங்க காலையில வராங்களாம். என்கிட்ட பேசணுமாம்" என்றான்.

"இன்னா பேசப் போற?"

சகாயராணி அவனை ஒருமையில் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

காலையில் பைக்குகள் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டது. சேவியர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். கதவுக்குப் பின்னால் நின்று அவன் பேசுவதைச் சகாயராணி கேட்டாள். அவன் குரல் நடுங்காமல் தெளிவாக வந்தது.

"நான் அன்னிக்கு வூட்ல இல்ல சார். இன்னா நடந்துச்சுன்னு அவளுக்குத்தான் தெரியும்."

அதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. செருப்புச் சத்தங்கள் அவனைத் தாண்டிக் கதவை நெருங்கி வந்தன.

மாற்றுத்துணி ரெண்டும் குழந்தையின் ஸ்கூல் அடையாள அட்டையும் பையில் போட்டுக்கொண்டு, அவள் பின்பக்கமாகக் கரும்புத் தோட்டத்து வரப்பில் இறங்கி நடந்தாள். வீராம்பட்டினத்தில் அக்கா வீடு இருந்தது.

போலீஸ் ரோஸ்லின் சாவை விபத்து என்று முடித்துவிட்டது. அந்தச் செய்தியை ஒரு பேஸ்புக் பக்கமும் போடவில்லை. சகாயராணி கம்பெனியை விட்டுவிட்டு, அக்காவோடு மீன் கூடை தூக்குகிறாள். போன வாரம் அரியாங்குப்பம் பஸ்ஸில் எதிர் சீட்டுப் பெண் போனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் முழங்கையை மெல்ல இடித்தாள். சகாயராணி அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டாள்.