நாலங்குலம் விட்ட தண்டவாளம்

பழவங்காடியில் இருக்கும் என் பொம்மைக் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா கிடந்தது. பேசும்போதெல்லாம் அதன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். தண்டவாளத்தோடு மாதிரி ரயில் வேண்டுமாம். வீட்டில் அதற்கு இருக்கும் இடமோ, கட்டிலை ஒட்டிப் போட்ட இரண்டரை அடி அகலப் பலகை ஒன்றுதான்.

நான் சின்ன அளவு ரயிலை எடுத்துக் காட்டினேன். “இதுன்னா பலகையிலயே வட்டமா ஓடும் அண்ணாச்சி. பெரிய அளவு வட்டமா ஓட எடம் பத்தாது. நேரா போயிட்டு, அப்படியே பின்னால வரும்.”

“நேரா ஓடினா மதி, அது போதும்” என்று பெரியதையே எடுத்தார். “கட்டில்ல கெடக்கது வீட்டுக்காரியாக்கும். கண்ணு மங்கல். சின்னதுல ஜன்னல் தெரியாதுல்லா?”

தண்டவாளத்தை நாடாவால் அளந்தவர், பலகையின் நீளத்துக்கு நாலங்குலம் குறைத்தே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. “தையலுக்கு விடுறதுக்கு இது துணியா அண்ணாச்சி? முழுசும் போடலாமே.”

“அந்தக் கடைசியில அவ கைய வெச்சுக்கிடுவா. வண்டி அதுல வந்து நிக்கட்டும்.”

கடையில் ஓட்டிக் காட்டும் ரயிலை நான் இன்றும் வட்டத்தில்தான் விடுகிறேன். முன்பு அது அழகாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால், போய்ச் சேர இடமில்லாமல் சுற்றுவதுபோல் இருக்கிறது.