பப் வாசலில் தடியாட்டம்

எண்பதுகளின் நடுவில் லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். என்னைவிட மூத்தவள், காலர் தைப்பதில் கெட்டிக்காரி. மே மாத விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, "திங்கட்கிழமை பப் வாசலில் எங்கள் குழு ஆடுகிறது. உன் கணவரையும் கூட்டிக்கொண்டு வா" என்றாள். மோரிஸ் நடனம், இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற ஆட்டம், காலில் மணி கட்டி ஆடுவோம் என்றாள். மணி என்றதும் எனக்குச் சலங்கைதான் நினைவுக்கு வந்தது. தடியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

என் கணவரை வெளியே கூட்டிப் போவது அப்போது லேசான காரியமில்லை. எண்பத்திமூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கொழும்பில் அவரைத் தெருவில் மறித்துப் பொல்லுத் தடிகளால் அடித்திருந்தார்கள். லண்டனுக்கு வந்த பிறகும் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்தால் நேரே வீடுதான். அன்றைக்கு நல்ல வெயில். "வாங்கோ, கொஞ்ச நேரம் நிண்டிட்டு வருவம்" என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன்.

பப் வாசலில் சனம் பியர்க் கிளாசுகளோடு நின்றது. ஒருவர் அக்கோர்டியன் வாசிக்க, வெள்ளை உடுப்போடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே மணிகள். முதலில் கைக்குட்டைகளை வீசி ஆடினார்கள். என் கணவர்கூடத் தாளத்துக்கு லேசாகத் தலையாட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் தடியை எடுத்தார்கள். ஒரு கூச்சல் எழுந்தது. உடனே தடியோடு தடி மோதி 'படார்' என்றது.

திரும்பினேன். அவரைக் காணவில்லை.

சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்துப் பேப்பர் கடையிலும் இல்லை. பாஷை தடுமாறுகிற மனுஷன், எந்தப் பக்கம் ஓடினாரோ. கடைசியில் பப்பின் பக்கச் சந்தில், வெறும் பியர்ப் பீப்பாய்களுக்குப் பின்னால், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்தியிருந்தார்.

"இஞ்சருங்கோ, அது ஆட்டம். ஒருத்தரும் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை."

"ஓம், எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சும் ஏலாமக் கிடக்கு."

நான் ஓடியதைப் பார்த்துவிட்டு என் சிநேகிதியும் மணிகள் குலுங்க வந்து சேர்ந்தாள். கையில் தடி. நான் கண்ணைக் காட்டியதும் அதை நிலத்தில் போட்டுவிட்டு, வியர்வை வழிய, அவருக்குப் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். ஆடிய களைப்பில் மூச்சு வாங்கினாள்.

அவர்தான் முதலில் பேசினார். உடைந்த குரலில், "இதிலே நீங்கள் யாரை அடிக்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யாரையும் இல்லை. தடி தடியைத்தான் தொட வேண்டும். ஆளைத் தொட்டால் ஆட்டம் பிழை."

"எங்கேயிருந்து வந்தது இது?"

"அதுதான் எங்களுக்கே சரியாகத் தெரியாது" என்று சிரித்தாள். ஆதிகாலத்து மழைச் சடங்கு என்று பப்பில் கதை விடுவார்களாம், சாட்சி ஒன்றும் இல்லையாம். மூர்கள், அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள், என்ற சொல்லிலிருந்து பெயர் வந்திருக்கலாம். வெளிநாட்டு ஆட்டமாக அரண்மனை விருந்துகளுக்கு வந்து, பிறகு தேவாலயத் திருவிழாக்களுக்கும் கிராமங்களுக்கும் இறங்கியது. பக்திமான்கள் பாவம் என்று சொல்லித் தடுத்த காலமும் உண்டு என்றாள். அழிகிற நிலையில் இருந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலர் மீட்டார்கள். அப்போது லண்டனில் முதன்முதலில் பழகி ஆடியவர்களில் தையல் வேலை செய்த ஏழைப் பெண்களும் இருந்தார்களாம். "இப்போது சில ஆண்கள் எங்களிடம் வந்து, பெண்கள் ஆடக்கூடாது, அதுதான் பாரம்பரியம் என்கிறார்கள்!"

அவர் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லாதபோது கூலிக்காரர்கள் காசுக்காக வீடுவீடாக ஆடினார்களாம். காசுக்குக் கையேந்துவது முதலாளிக்குத் தெரிந்தால் வெட்கம், சிக்கலும்கூட. அதனால் சில ஊர்களில் அடையாளம் தெரியாதபடி முகத்தில் கரி பூசிக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

இதைக் கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொழும்பிலை கணக்காளரா இருந்தனான். இஞ்சை ஷெட்டுக்கு ஊராக்கள் பெட்ரோல் அடிக்க வந்தா, தொப்பியை மூக்குமட்டும் இழுத்துவிடுறனான். எனக்குக் கரி தேவைப்படேல்லை" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் இங்கிலீஷில் சொன்னதும் அவளும் சிரித்தாள். லண்டனுக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்சம் அழுதேன்.

பிறகு அவர் அந்தத் தடியை எடுத்துப் பார்த்தார். புரட்டி, கையில் தூக்கிப் பார்த்து, "பாரமில்லை" என்று அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

தொண்ணூறுகளில் லண்டனின் மறுபக்கத்து ஹரோவுக்குக் குடிபோன பிறகும் மே மாதத்தில் சிநேகிதி குழுவின் ஆட்டம் பார்க்க ரயிலேறிப் போவோம். தடியாட்டம் தொடங்கும்போது அவர் கூட்டத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போவார். ஒரு கையால் என் கையைப் பிடித்திருப்பார். ஆனால் முடியும்வரை நின்று பார்ப்பார்.