சாக்கின் மேல் உட்கார்ந்த டீசல் டேங்க்

ஒழுகுகிற டேங்கைச் சரிசெய்கிறவனுக்கு முதலில் வேண்டியது மூக்கு, அடுத்தது பொறுமை. மல்லிப்பட்டினத்தில் பட்டறை வைத்திருந்தால் இரண்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். மீன்பிடித் தடைக்காலம் முடிவதும் மேட்டூர் தண்ணீருக்காக ஊர் காத்திருப்பதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து தொலைக்கும். பேராவூரணிப் பக்கத்திலிருந்து பம்பு செட் எஞ்சின்கள், கரையிலிருந்து படகு எஞ்சின்கள். எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். நீங்களும் பழுது பார்த்துப் பிழைக்கிறவர் என்றால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த வருடம் என்னை உட்காரவிடாமல் அடித்தது முருகையனின் பழைய மரப் படகு.

வாடை

முருகையனுக்குச் சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். சிங்கப்பூரில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து, பெண் எடுத்த ஊரான இங்கே படகில் போட்டார். அதை ஓட்டுகிற டிரைவர் காதர் பாய். அவரோடு மூன்று பேர் வேலைக்குப் போவார்கள். போன பருவம் முழுக்க டீசல் வாடையில் வாந்தி எடுத்தே மீன் பிடித்ததாகச் சொல்லி, தடை முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால் வேறு படகுக்குப் போய்விடுவோம் என்று நான்கு பேரும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். பழைய படகுக்குப் புது ஆள் கிடைக்கமாட்டான். தடை முடிந்த முதல் நாள் வேறு படகுக்கு மாறிப் போகிறவன் பருவம் முடிகிறவரை திரும்பமாட்டான். முருகையன் கவலையோடு வந்ததற்கு அதுதான் காரணம்.

படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரின் மேல் டீசல் வானவில்லாய் மிதந்தது. எவ்வளவு நாளாக ஒழுகுகிறது என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஒழுகலண்ணே. வாடைதான் அடிக்குது. அந்த வாடைக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க."

வரப்பு

சுலபமானதிலிருந்து தொடங்குவதுதான் முறை. டீசல் ஊற்றுகிற ஹோஸ் வெடித்திருந்தது. மாற்றினேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கீழே பழைய செய்தித்தாளை விரித்துவைத்தேன். மறுநாள் தாள் நனைந்து கிடந்தது.

டேங்க் மேல்தளத்துக்கு அடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது மேற்புறமும் ஒரு பக்கமும்தான். பலகையை அறுத்து வெளியே எடுத்தால்தான் பார்க்க முடியும் என்றேன். முருகையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எலி வளையைத் தேடுறேன்னு யாராச்சும் வரப்பையே வெட்டுவாங்களாண்ணே?" என்றார். என் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் ஆரோக்கியம் வயல் வேலை செய்து வளர்ந்தவர். தலை நிமிராமல் சொன்னார்: "வெட்டுவோங்க. வெட்டாத வருசம் எலிதான் அறுப்பு அறுக்கும்."

நுரை

பலகையை அறுக்க முருகையன் சம்மதிக்கவில்லை. சரி, காற்றடித்துப் பார்ப்போம் என்றேன். டீசலை இறக்கி, வாய்களை அடைத்து, உள்ளே கொஞ்சமாகக் காற்று ஏற்றி, எட்டிய இடமெல்லாம் சோப்பு நுரை தடவினேன். ஓட்டை இருந்தால் நுரை குமிழியிடும், மீட்டரில் முள் இறங்கும். முள் அசையவில்லை. டேங்க் நல்ல டேங்க், குழாயில்தான் கோளாறு என்று சொல்லி, எஞ்சினுக்குப் போகிற குழாய்கள் அத்தனையையும் மாற்றினேன். அதில் ஒரு வாரம் போனது. பிறகு டீசல் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டோம். தாள் மறுபடியும் நனைந்தது.

அன்று வேடிக்கை பார்க்க வந்த காதர் பாய், சோப்பை மறுபடி வைத்தீர்களா என்று சாதாரணமாகக் கேட்டார். கடலில் ஒழுகும்போதெல்லாம் டேங்கின் அடி விளிம்பில் கைவிட்டு, பார் சோப்பைப் பிசைந்து அப்புவது அவர்கள் வழக்கமாம். சோப்பு டீசலில் கரையாது. வெறும் டேங்கில் காற்றடித்தால் தாங்கும். டீசலின் கனமும் எஞ்சினின் அதிர்வும் சேர்ந்தால் விட்டுவிடும். வருடக்கணக்கில் அப்பிய சோப்பைத்தான் நான் நுரை தடவிச் சோதித்திருக்கிறேன். இதை முன்பே சொல்லக்கூடாதா என்றேன். அவர் கோபப்படவில்லை: "ஓட்டை எங்கன்னு கேட்டீங்க. சோப்பு எங்கன்னு யாரும் கேக்கலையே."

சாக்கு

கடைசியில் பலகையை அறுத்தோம். செயின் கப்பி போட்டு டேங்கைத் தூக்கினோம். அடியில், மடித்து மடித்து வைத்த நெல் சாக்குகள், உப்புத்தண்ணீரில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. சாக்கு குடித்த தண்ணீர் ஒருநாளும் காயாமல் இரும்பை ஒட்டியே நின்றிருக்கிறது. டேங்கின் அடித் தகட்டை ஆரோக்கியம் விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

யார் வைத்த சாக்கு என்று கேட்டேன். படகு வாங்கிய புதிதில் முருகையன் தன் கையாலேயே அடுக்கியிருக்கிறார். அவர் டேங்கைப் பார்த்தபடியே கேட்டார்: "நெல்லு மூட்டைய வெறுந்தரையிலயா அடுக்குவாங்க? ஈரம் ஏறக் கூடாதேன்னுதாண்ணே போட்டேன்."

தீ

டேங்க் பட்டறைக்கு வெளியே ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்தது. மற்ற படகுகளுக்குப் பெயின்ட் அடித்து முடித்து, வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முருகையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போதே வெல்டிங் வைத்துவிடச் சொன்னார். உள்ளே டீசல் ஆவி இருக்கும்வரை பொறி வைப்பதில்லை என்று ஆரோக்கியம் மறுத்துவிட்டார். சலவைச் சோடா கரைத்த தண்ணீர் விட்டுக் கழுவி, நீராவி பாய்ச்சி, ஆறவைத்துத் திரும்பவும் கழுவினார்.

காதர் பாயும் ஆட்களும் தினமும் அந்த வழியாகப் போனார்கள். முதலில் நின்று பார்த்தார்கள். பிறகு பார்த்தார்கள், நிற்கவில்லை. முருகையன் அதைக் காட்டி, "அவங்க போயிட்டா என் பொழப்பே போச்சு ஆரோக்கியம்" என்றார். ஆரோக்கியம் கழுவுவதை நிறுத்தவில்லை: "இப்பப் பத்தவச்சா நாம போயிடுவோம். அவங்க இருந்து என்ன பண்ணப் போறாங்க?"

முதல் நாள்

புது அடித்தகடு வைத்து, தண்ணீர் நிற்காதபடி ரப்பர் ஒட்டிய கட்டைகள்மேல் டேங்கை ஏற்றி, கடலுக்குப் போகிற நாள் விடிவதற்குள் டீசல் நிரப்பிவிட்டோம். எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டேன். செய்தித்தாள் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. முருகையன் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு காதர் பாயிடம் காட்ட ஓடினார்.

காதர் பாய் பக்கத்துப் படகில் ஏறிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஏற்கெனவே உள்ளே ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "கோவிச்சுக்காதீங்க முதலாளி. உங்க டேங்க் ரோட்டுல கிடந்துச்சு, வீட்டுல அடுப்பு எரியணும். வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். முருகையன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கயிற்றை அவிழ்க்கும்போது காதர் பாய் என் பக்கம் குனிந்து, முதலாளிக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இந்தப் படகு டேங்க் அதைவிட மோசம்ணே. வந்ததும் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

நான் சரிசெய்த படகு ஒரு சொட்டு ஒழுகாமல் இன்றும் கரையில் கட்டிக் கிடக்கிறது. ஒழுகுகிற படகுகள்தான் கடலுக்குப் போய் வருகின்றன.